கடலோரத் தோட்டத்திற் பசுமை மாறாப் பூஞ்செடிகள்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் சங்க இலக்கியத்து மலர்கள் என்பது போன்றதொரு பொருளை எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அத்தகைய கட்டுரைகள் நம் கல்லூரி மலர்களிற் போதிய அளவு வந்துள்ளன. ஏட்டிலே பூத்த மலர்களை இம்முறை விடுத்து, முற்றத்திலே பூக்கவேண்டிய மலர்களைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். அதற்குக் காரணம் உண்டு. கடலோர ஊர்களிலே தம் காணிகளை மீளப்பெற்ற பழைய மாணவர் சிலரும், பிறநாடுகளிலிருந்து வந்து அங்கே வீடு கட்டிய சிலரும் என்னைக் காணுந்தோறும், “சேர், வைச்ச கண்டெல்லாம் கருகிப் போகுது, என்ன செய்யிறது?” என்று கேட்கின்றனர். வீதியோரத்திலே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அதற்கு விடை கூறல் இயலாது. ஆதலின் ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுதல் முறை. எங்கள் குடும்பக் காணி வலிகாமம் வடக்கிலே, கடலிலிருந்து ஏறக்குறைய 300 யார் தொலைவில் உள்ளது. 1990 ஆம் ஆண்டு ஆனியிலே நாங்கள் அவ்வூரை விட்டு வெளியேறியபோது எனக்கு வயது ஒன்பது. காணி மீண்டும் எங்கள் கைக்கு வந்தது 2017 இல். சென்று பார்த்தபோது வீட்டிற்குக் கூரை இல்லை. கதவு நிலைகள் இல்லை. கிணற்றைச் சுற்றிப் பற்றை மண்டியிருந்தது. என் அப்பாச்சி நாள்தோறும் பூக்கொய்த செடிகொடிகளுள் எஞ்சி நின்றவை மூன்றே. வேலிக் கதியாலாக நின்ற பூவரசு பெருமரமாகியிருந்தது. படலையடியிற் செவ்வலரி நின்றது. கிணற்றடியிலே, இடிந்து இடையிடையே வாய்விட்டிருந்த குசினிச் சுவரின் தென்புற மறைவில், ஒரு செவ்வரத்தை நின்றது. நீர் வார்ப்பாரின்றி, கத்தி வைப்பாரின்றி இருபத்தேழு ஆண்டு நின்ற அவற்றைக் கண்டு வியந்தேனேயன்றிப் பாடம் கற்றேனல்லேன்.

அடுத்த ஆண்டு தையிலே, வீடு திருத்தி முடிந்த மகிழ்ச்சியில், ரோசா, குரோட்டன், வெட்சி, நந்தியாவட்டை என இருபத்திரண்டு கன்றுகளை விலைகொடுத்து வாங்கி நட்டேன். பழைய வேலியைப் பிடுங்கிவிட்டுச் சீமெந்துக் கல்லால் மதில் எழுப்பினேன். மின்மோட்டரைப் போட்டுக் காலையும் மாலையும் குழாயால் நீர் தெளித்தேன். ஆனி பிறக்குமுன் பதினேழு கன்றுகள் பட்டுப்போயின. எஞ்சிய ஐந்தும் பூக்கவில்லை. செடியைத் தெரிந்ததில் யான் செய்த பிழை சிறிது. வேலியிலும் கிணற்றிலும் செய்த பிழைகளே பெரியன என்பதை அறிய எனக்கு மேலும் ஈராண்டு சென்றது. கடலோரத்திலே தோட்டம் வைப்போர் முதலிற் கிணற்றையும், அடுத்து வேலியையும், அதன் பின்னரே பூவையும் எண்ணுதல் வேண்டும். நாம் இம்முறையைத் தலைகீழாகக் கொண்டுவிட்டோம்.

பசுமை மாறாச் செடி என்பது, ஆண்டில் ஒரு பருவத்தே இலை முழுதையும் உதிர்த்து வெறுங் கொம்பாய் நில்லாது, பழைய இலை விழுமுன் புதிய இலை தளிர்த்து எக்காலத்தும் தழையோடு நிற்பது. நம் குடாநாட்டில் உறைபனி இல்லை. கோடையின் கடுமையும் கரையோரத்திலே கடற்காற்றால் ஓரளவு தணிகின்றது. வெப்பதட்பத்தைப் பொறுத்தவரை இச்செடிகளுக்கு இதனினும் இனிய இடம் வேண்டுவதில்லை. ஆயினும், இலை மாறாது நிற்பதிலே ஓர் இடர் உண்டு. இலையுதிர்க்கும் மரம் உப்பேறிய இலைகளை ஒருங்கே கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். இலை மாறாச் செடியோ ஒவ்வோர் இலையையும் பன்மாதம் சுமந்து நிற்பதால், அவ்வளவு காலமும் அதன்மேற் படியும் உப்பையும் சுமந்தே தீரல்வேண்டும்.

அலை உடையும்போது எழும் நுண்டுளிகள் காற்றோடு வருகின்றன. துளியின் நீர் வற்ற, உப்பு இலையின்மேல் தங்குகின்றது. அவ்வுப்பிலுள்ள குளோரைட்டு இலையினுட் புகுந்து, நீரோட்டம் முடியும் இடங்களாகிய நுனியிலும் விளிம்பிலும் சேர்கின்றது. கருகல் அங்கே தொடங்கி உள்நோக்கிப் பரவும். இலை நடுவே புள்ளி புள்ளியாக வருவது பெரும்பாலும் நோய். நுனியும் விளிம்பும் ஒருசேரக் கருகுவது பெரும்பாலும் உப்பு. கரையோரச் செடிகள் தரைப்பக்கமாகத் தலைசாய்த்து நிற்றலை மாணவர் கண்டிருப்பர். காற்று அவற்றை வளைத்தது என்பது பொதுவழக்கு. உண்மையில் கடல் நோக்கிய பக்கத்து அரும்புகளை உப்பும் காற்றும் சாக்காடுறச் செய்ய, மறுபக்கத்தன மட்டும் வளர்கின்றன. காற்றுச் செய்தது வளைத்தலன்று, அரிதலே.

எந்தக் காற்று உப்பைக் கொணர்கின்றது என்பது காணியின் இருப்பிடத்தைப் பொறுத்தது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைதோறும் பெயரிட்டுக் காற்றை அறிந்தவர் நம் கடற்றொழிலாளர். தோட்டக்காரரும் அவர்களிடம் கேட்டறிதல் நன்று. வடகரையிலே உப்பைச் சுமந்து வருவது வாடை. கார்த்திகை மார்கழியில் அது மழையோடு வருவதால், படிந்த உப்பை மழையே கழுவிவிடும். தை மாசியில் மழை ஓய்ந்தும் காற்று ஓயாது. கேடு விளைவது அப்பொழுதே. தீவுகளின் மேற்குக் கரையிலே வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோழகம் உப்பையும் வறட்சியையும் ஒருங்கே கொணரும். எங்கள் பக்கத்திற்கு அச்சோழகம் தரைமேல் வருவதால் உப்புக் குறைவு; ஆயினும், உள்ள ஈரத்தை உறிஞ்சாமல் விடாது. யான் தையில் நட்ட கன்றுகள் வேரூன்றுமுன்னரே முதலில் வாடைக்கும் பின்னர்ச் சோழகத்திற்கும் இரையாயின.

இனி வேலி. கிடுகு வேலி யாழ்ப்பாணத்தாரின் ஒடுங்கிய உள்ளத்துக்கு அடையாளம் என்று பேசுவோர் உளர். அவ்வழக்கில் யான் புகேன். காற்றை அடக்குவதில் அதற்கு நிகரானது வேறில்லை என்பதை மட்டும் கூறுவேன். மதிலில் மோதும் காற்று உட்செல்ல வழியின்றி மேலேறிக் குதித்து, மதிலுக்கு உட்புறம் சுழலாகி விழுகின்றது. அச்சுழலிற் பட்ட செடி வெளியில் நின்ற செடியினும் மிகுதியாக அலைப்புண்ணும். ஏறக்குறையப் பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக உள்ள வேலியோ காற்றிற் சிறிது பகுதியை உள்ளே விடுகின்றது, விட்ட காற்று வேகங் குன்றி மெல்லச் செல்கின்றது, சுழல் பிறப்பதில்லை. வேலியின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவு வரை அதன் பயன் ஒருவாறு தெரியும். ஆறடி வேலிக்கு அறுபது அடி என்க. முதல் முப்பது அடியிலேயே அது சிறந்து விளங்கும். எங்கள் கிணற்றடிச் செவ்வரத்தை பிழைத்ததன் மறையும் இதுவே. இடிந்து ஓட்டை விழுந்த சுவர் வேலியின் தொழிலைச் செய்தது.

கிடுகும் பனையோலையும் ஆண்டுதோறும் மாற்றவேண்டியவை. அவற்றைத் தாங்கி நிற்கும் கதியாலே நிலையான வேலி. பூவரசும் கிளுவையும் ஐப்பசியிற் கொம்பு வெட்டி ஊன்றினால் தளிர்ப்பன. இவற்றுட் கடலோரத்திற்குரியது பூவரசு; கடற்கரையே அதற்கு இயல்பான இருப்பிடமாதலால் உப்பை அது பொருட்படுத்துவதில்லை. மஞ்சளாய்ப் பூத்துச் செம்மையாய் வாடும் அதன் பூவையும், தோட்டத்திற்குப் பசளையாகும் அதன் குழையையும் யான் விதந்து கூறவேண்டுவதில்லை. வெளிநாட்டிலிருந்து பொருளனுப்பும் அன்பர்கள் முதலில் மதிலுக்கே அனுப்புகின்றார்கள். காவலுக்கு மதில் வேண்டும் எனின் மறுப்பேனல்லேன். கடல் நோக்கிய பக்கத்தை மட்டுமேனும் ஓட்டைக் கற்களாற் கட்டுவிக்கலாம். அல்லது மதிலுக்கு உட்புறம் ஆறடி தள்ளிப் பூவரசங் கதியால் நிரையொன்று வைக்கலாம். யான் என் மதிலின் மேல் மூன்று வரிக் கல்லைக் கழற்றுவித்து, அவ்விடத்திற் பனைமட்டை வரிச்சுக் கட்டினேன். கட்டிய மேசனே கழற்றவும் வந்தார். ஒன்றுங் கூறாது என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

கிணற்றைப் பற்றிக் கூறுவது பூவைப் பற்றியதன்று போலத் தோன்றும். பூவின் உயிர் மட்டுமன்றி, நம் உயிரும் அதிலேதான் உள்ளது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஆண்டிற்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை; அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பொழிந்துவிடும். அந்நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியிலுள்ள கடலுவர் நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரமுடையது. இச்சிறு வேறுபாட்டினாலே, கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் தங்கும். ஒல்லாந்தரான பாடன் கைபன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் என்பவர் 1901 இலும் தனித்தனியே இக்கணக்கை விளக்கினர். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைச் சிறுவயதிற் கேட்டு வியந்த நாம், நம் வீட்டுக் கிணறும் அதே அமைப்பில் நிற்கின்றது என்பதை எண்ணுவதில்லை.

இக்கணக்கின் மறுபக்கம் அஞ்சத்தக்கது. மேலே ஓரடி நன்னீர் குறைந்து நிலைத்துவிட்டால், கீழே நாற்பதடி உவர் ஏறுதற்கு இடமுண்டு. துலா மிதித்து இறைத்த காலத்திலே, இறைப்போர் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. மோட்டருக்குக் களைப்பு இல்லை. விரைந்து உறிஞ்சுமிடத்து, கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்பு போல மேலெழுந்து வருகின்றது. யான் இருபத்திரண்டு கன்றுகளுக்கு இருவேளை நீர் தெளித்த அந்த வைகாசியிலே, வீட்டில் தேநீர் உப்புக் கரிக்கின்றது என்றார்கள். வாயின் குற்றம் என்றேன். ஆனியில் அடுத்த காணிக் கிழவர் வந்து, “தம்பி, என்ர கிணறும் மாறிப்போச்சு” என்றார். அவர் குரலிலே சினம் இருக்கவில்லை. அதுவே எனக்குத் தாங்கொணாததாயிற்று. இருபத்தேழு ஆண்டு காத்திருந்து ஊர் மீண்டவர் அவர். குரோட்டன் வளர்ப்பதற்காக அவருடைய குடிநீரைக் கெடுக்க எனக்கு உரிமை ஏது? அன்றே மோட்டரை நிறுத்தினேன். அடுத்த மாரியின் பின்னர் இரு கிணறும் ஓரளவு தெளிந்தன. முன்போல ஆயின என்று சொல்ல மாட்டேன்.

ஆதலின், நட முன்னர்க் கிணற்று நீரைப் புரட்டாதியில், மழைக்கு முன், சுவைத்துப் பார்க்க. நீர் மிகத் தாழ்ந்திருக்கும் காலம் அதுவே. அப்பொழுது உப்புத் தட்டுமாயின், ஆண்டு முழுதும் நீர் கேட்கும் செடி எதையும் வையாதொழிக. நீர் பாய்ச்சுவதிலும் முறையுண்டு. நாள்தோறும் சிறிது தெளித்தால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணிலே தங்கும். நான்கைந்து நாளுக்கொருமுறை, பாத்தி கட்டி, வேரடியில் ஒரு வாளி நிறைய வார்த்தால் அந்நீர் உப்பையும் வேருக்குக் கீழே கொண்டுசெல்லும். இலைமேல் உவர்நீர் படுதலே ஆகாது. பாத்தியைப் பனையோலைத் துண்டு, பொச்சு, குழை ஆகியவற்றால் மூடிவைத்தால் நீர்ச் செலவு வெகுவாகக் குறையும். முன்னாளிற் கிணற்றடி வாய்க்காலோரமே பூச்செடிக்குரிய இடமாக இருந்தது. குளித்த நீரே அதற்குப் போதியது.

மண்ணைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். சுண்ணக்கல்மேல் அமைந்த நம் மண் காரத்தன்மையது. கேத்தலின் உட்புறத்தே படியும் வெண்படையே அதற்குச் சான்று. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும், வேர் அதனைக் கரைத்து உண்ண இயலாது. இக்குறையை முதலிற் காட்டுவது வெட்சி. தளிரிலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். நீர் போதாது என்று எண்ணி நாம் மேலும் நீர் ஊற்றுவோம். அந்நீரும் சுண்ணநீராதலின் நோய் மிகும். மதிலோரத்திலும் சீமெந்து நிலத்தோரத்திலும் வெட்சியை வைத்தல் ஆகாது. சுண்ணம் அங்கே மேலும் கசியும். செம்மண்ணும் மக்கிய சாணமும் குழையும் கலந்து உயர்த்திய பாத்தியில், வீட்டின் மறைவிலே வைக்க. மஞ்சளித்தபோது அன்னபேதியை ஒரு லீற்றர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் தளிர் பச்சை பெறும். மண்ணில் இட்டால் சுண்ணம் அதனைக் கட்டிவிடும். அடுப்புச் சாம்பலைப் பூச்செடிக்குக் கொட்டுவது நம் வீடுகளிற் பழக்கம். சாம்பலும் காரமே, நம் மண்ணுக்கு அது வேண்டா. தொல்காப்பியர் ஆநிரை கவர்தலுக்கு வெட்சியின் பெயரை வைத்தார். எம்மூரிலோ ஆநிரையே வெட்சியைக் கவர்கின்றது. கட்டாக்காலி மாடுகளுக்குப் படலையைச் சாத்திவைத்தல் அன்றி வேறு மருந்து யான் அறியேன்.

கடலுக்கு அணித்தாய் முதல் நிரையில் வைக்கத்தக்கது செவ்வலரி. வெண்ணிறமும் இளஞ்சிவப்பும் அதன் வகைகளே. திருமுருகாற்றுப்படையிற் கணவீரம் எனப்படுவது இதுவே. இதன் இலை ஒடுங்கித் தடித்துத் தோல்போல் இருப்பதை யாவரும் காண்பர். காணாதது இலையின் கீழ்ப்புறத்தில் உண்டு. ஏனைய செடிகளில் இலைவாய்கள் இலைப்பரப்பிலே வெளிப்படையாய் இருக்க, அலரியில் அவை சிறு குழிகளுக்குள், மயிர் மூடிய மறைவிலே உள்ளன. வறண்ட காற்று அக்குழியினுட் புகுந்து ஈரத்தை எளிதிற் கவர இயலாது. இருபத்தேழு ஆண்டு தனித்து நின்ற வல்லமை அத்தகைய அமைப்பினால் வந்தது. பூங்கொத்து புதுக்கிளையின் நுனியிலே வருவதனால், பூத்தோய்ந்தபின் கிளைகளை மூன்றிலொரு பங்கு வெட்டிவிட்டால் மீண்டும் பூக்கும். மாடு இதனைக் கடிப்பதில்லை. ஏனெனில் முழுதும் நஞ்சு. வெட்டிய கொம்பை அடுப்பில் வைத்தலும் ஆகாது. பொன்னலரி எனப்படும் மஞ்சட்பூ மரம் வேறினம். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. அதுவும் உப்பையும் வறட்சியையும் தாங்கும், அழகும் உடையது. ஆயினும் 1980களிலிருந்து அதன் நஞ்சால் நம் குடாநாடு இழந்த இளம் உயிர்களை நினைந்து, என் காணியில் அதனை வைத்திலேன். பள்ளிக்கூட வளவுகளிலும் வையாதிருத்தலே தக்கது.

அலரியின் பின்னே செவ்வரத்தை. அடுக்கிதழும் பல நிறமும் உடைய புதுவகைகள் இப்பொழுது மலிந்துள்ளன. அவற்றுட் சிலவற்றை வைத்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் காற்றில் அவை இரண்டு ஆண்டைத் தாண்டவில்லை. ஐயிதழ்ச் செந்நிறப் பழையவகையே நின்றது. இதன் பூ ஒருநாட் பூ. காலையில் விரிந்து மாலையிற் சுருளும். ஆதலால் நாள்தோறும் பூவேண்டின் நாள்தோறும் புதுத்தளிர் வேண்டும். தளிருக்காக ஆண்டிலொருமுறை, மழை தொடங்குமுன், கத்தரித்தல் வேண்டும். யூரியாவை மிகுதியாக இட்டால் இலை கொழுத்துப் பூக் குறையும். தளிரிலே பஞ்சுபோல் ஒட்டும் வெண்பூச்சியும் வந்துசேரும். பூச்சி கண்ட நுனிகளை அப்பொழுதே முறித்து எரித்துவிடுதல் எளிது. நீர் தேங்கினும் இச்செடி அழுகும். 2008 கார்த்திகையில் நிஷாப் புயலின் வெள்ளம் வடிந்தபின், நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலே செவ்வரத்தைகளே முதலிற் பட்டன.

நந்தியாவட்டை காற்றுக்கு மெலிந்தது, நிழலுக்கு இணங்குவது. வீட்டின் மறைவான பக்கத்திலே, காலையிளவெயில் படுமிடத்தில் வைத்தால் ஆண்டு முழுதும் வெண்ணட்சத்திரம் போலப் பூத்திருக்கும். போகன்வில்லா இதற்கு நேர்மாறானது. பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பெயரால் வழங்கும் இது தென்னமெரிக்காவுக்கு உரியது. நாம் பூவென்று கருதும் வண்ணத் தாள்கள் பூவல்ல. பூவைச் சூழ்ந்த இலைகளே. நடுவிலே வெண்குழல் போலிருப்பதே பூ. நீர் மிகுந்தால் இலையாகவும், நீர் சுருங்கினாற் பூவாகவும் இச்செடி பெருகும். மழை ஓய்ந்து தை முதல் அது பூத்துக் குலுங்குவதும் அதனாலேயே. கிணற்றிலே குறையுள்ளவர்க்கு இதனினும் நல்ல செடி இல்லை. பூசைக்கு ஆகாது என்பார்க்கு யான் மறுமொழி கூறேன்.

நடுங்காலம் ஐப்பசி முதல் மழை. அப்பொழுது நட்டால், அடுத்த மூன்று திங்களும் வானமே நீர் ஊற்றும். மண்ணின் உப்பும் கழுவப்பட்டிருக்கும். தை மாசிக் காற்று வருமுன் வேர் இறங்கிவிடும். விலைக்கு வாங்கிய பெருங்கன்றினும் நம் ஊரிலேயே நிற்கும் செடியின் கொம்பு சிறந்தது. இக்காற்றிற் பிழைத்த செடியின் மரபு அதில் உள்ளது. செவ்வரத்தைக்குப் பென்சிற் பருமனுள்ள முற்றிய கொம்பை ஆறு அங்குலமாக நறுக்கி, கீழிலைகளைக் களைந்து, நிழலில் மணற்சாடியில் ஊன்றுக. அலரிக் கொம்பு போத்தல் நீரிலேயே வேர்விடும். அந்நீரைக் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வைக்க.

இவ்வாறு 2020 ஐப்பசியில் நட்டவை பதினாறு. இன்று பதினான்கு நிற்கின்றன. வெள்ளிக்கிழமைக் காலைகளில் ஒரு பனையோலைக் குட்டான் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு கல்லூரிப் பூசை மண்டபத்திற்கு வருகின்றேன். முற்றிய கொம்புகளும் பூவரசங் கதியால்களும் வேண்டுவோர் ஐப்பசி முதல் மழைக்குப் பின் வரும் எந்த வெள்ளிக்கிழமையும் மண்டபத்தடியில் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். ஈரச்சாக்குத் துண்டொன்று கொண்டுவருதல் நன்று.